மிரளுகிற குதிரையை அடிக்கலாமா?

மதுரையில் கல்யாண ஊர்வலமா? குதிரை வேண்டும். கோவில் திருவிழாவா? அதற்கும் குதிரை வேண்டும். சுற்றுவட்டாரத்தில் வண்டிப் பந்தயமா? கேட்கவே வேண்டாம்!

குதிரை வருகிறது. மேளம் முழங்குகிறது. காலடியில் சரவெடி வெடிக்கிறது. போன மாதம் வரை தோப்பில் நின்ற இளங்குதிரை அது. என்ன செய்யும் பாவம்? முன்னங்காலைத் தூக்குகிறது. பெண்களும் பிள்ளைகளும் அலறி அடித்து ஓடுகிறார்கள். உடனே குதிரைக்காரர் சவுக்கை எடுக்கிறார். "சண்டிக் குதிரை" என்று பட்டமும் கட்டியாகிவிட்டது!

அது சண்டித்தனம் அல்ல. பயம். இந்த வித்தியாசம் புரியாததால்தான் குதிரையும் கெடுகிறது, மனிதர்களுக்கும் அடிபடுகிறது.

பின்னால் வந்தால் உதை

குதிரைக்குக் கொம்பு இல்லை, நகம் இல்லை. ஓட்டம் ஒன்றுதான் ஆயுதம். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். வாலுக்கு நேர் பின்னாலும், மூக்குக்கு நேர் முன்னால் கொஞ்ச இடமும் மட்டும் தெரியாது. தெரியாத இடத்திலிருந்து ஒரு கை திடீரென்று நீண்டால் அதற்கு அது கை அல்ல, புலி! ஓட வழி இருந்தால் ஓடும். வழி இல்லாவிட்டால் உதைக்கும்.

"அடிச்சாத்தான் சார் அடங்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. அடங்குவது போலத் தெரியும், உண்மைதான். ஆனால் குதிரை படித்த பாடம் என்ன? "வேட்டுச் சத்தம் கேட்டால் முதுகில் அடி விழும்" என்பதுதான். அடுத்த தடவை வேட்டுக்கு முன்னாலேயே உதறல் எடுக்கும்.

ஏறுவதற்கு முன்

இதற்கு மருந்து இருக்கிறது. காசு செலவு இல்லாத மருந்து. முதுகில் ஏறுவதற்கு முன்னால், வண்டியில் பூட்டுவதற்கு முன்னால், தரையில் நின்றபடி குட்டியைப் பழக்க வேண்டும். ஒரு தலைக்கயிறு, ஒரு சாக்கு, நிறையப் பொறுமை. இவ்வளவுதான் சாமான்.

முதலில் பக்கத்தில் போய் நிற்பது. தோள் பக்கமாகப் போக வேண்டும். கழுத்தும் முதுகும் சேருகிற இடத்தில் சொறிந்து கொடுக்க வேண்டும். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்து கொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் குதிரையின் நெஞ்சுத் துடிப்பு குறைகிறது என்று பிரான்சில் அளந்து பார்த்து 1993-ல் எழுதினார்கள். நம் ஊர் பழைய ஜட்காக்காரர்கள் அளக்காமலே செய்தது இது!

அடுத்தது கயிறு. லேசாக இழுக்க வேண்டும். குட்டி ஒரு அடி எடுத்து வைத்ததும் அந்தக் கணமே கயிற்றைத் தளர்த்த வேண்டும். பாடம் இழுப்பதில் இல்லை, விடுவதில்தான் இருக்கிறது. நட, நில், பின்னால் போ, இந்தப் பக்கம் திரும்பு. ஒரு வேளைக்குக் கால் மணி நேரம் போதும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. குதிரை ஓடினால் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

பிறகுதான் பயப்படுகிற சாமான்கள். சாக்கைத் தூரத்தில் போட்டுவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். பார்க்கட்டும். மோந்து பார்க்கட்டும். அப்புறம் அதே சாக்கால் தோளைத் தடவ வேண்டும். குட்டி துள்ளும்போது சாக்கை எடுத்துவிட்டால் போச்சு! "துள்ளினால் சாக்கு போய்விடும்" என்று கற்றுக்கொள்ளும். அசையாமல் நின்ற பிறகே எடுக்க வேண்டும். இடப்பக்கம் பழகிய சாக்கை வலப்பக்கம் காட்டினால், புதிதாகப் பார்த்த மாதிரி மிரளக்கூடும். இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பழக்க வேண்டியதுதான்.

மேளத்துக்கும் இதே வழி. தண்ணீர் வற்றிய கண்மாய் இருக்கிறதே, அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. அந்தக் கரையில் ஒருவர் மேளம் தட்டட்டும். இந்தக் கரையில் குட்டி கொள்ளு தின்னட்டும். பக்கத்தில் பழகிய கிழக்குதிரை ஒன்று நின்றால் இன்னும் நல்லது. நாளுக்குக் கொஞ்சமாக மேளம் நெருங்கி வரலாம். காது விறைத்து, கண்ணில் வெள்ளை தெரிந்தால் மேளம் பின்வாங்க வேண்டும். தலையைத் தாழ்த்தி, வாயை மென்று, நீளமாக மூச்சு விட்டால் அன்றைய பாடம் முடிந்தது.

நரி பரியான ஊர்

நரியைப் பரியாக்கிய ஊர் என்று மதுரைக்குப் பெயர். பாண்டியர் காலத்தில் அரபு நாட்டுப் பக்கமிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்து காயலில் இறங்கியது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ ஒரு சங்கதி எழுதி வைத்திருக்கிறார். ராஜா 2 ஆயிரம் குதிரைக்கு மேல் வாங்கினாலும் ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சாதாம். காரணம், குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இல்லையாம். குதிரைக்கு இறைச்சி கலந்த சோறு போட்டார்களாம்! வெளியூர்க்காரர் கணக்கு, கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். ஆனாலும் பொன்னைக் கொட்டிக் குதிரை வாங்கத் தெரிந்த இடத்தில், குதிரையைத் தெரிந்த ஆள் இல்லை என்பது யோசிக்க வைக்கிற விஷயம்.

கோபத்தோடு குதிரைக்கிட்டே போகாதே, குட்டியைக் கூட்டத்துக்குள் நடத்திப் பழக்கு என்று கிரேக்கத் தளபதி செனபோன் எழுதி 2 ஆயிரத்து 300 ஆண்டுக்கு மேல் ஆகிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் போய்ப் பாருங்கள். ஜல்லிக்கட்டுக் காளையை எப்படி வளர்க்கிறார்கள்! தினம் நடை, கண்மாயில் நீச்சல், மண் குத்தப் பயிற்சி. வாடிவாசலில் சீறுகிற காளை, வீட்டில் சின்னப் பெண் பிடித்த கயிற்றுக்குப் பின்னால் பூனை மாதிரி நடக்கிறது. காளைக்குக் காட்டுகிற பொறுமையைக் குதிரைக் குட்டிக்கும் காட்டினால் என்ன?

வயிற்றுப்பாடு

குதிரைக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. சும்மா நிற்கிற குதிரையும் கொள்ளு தின்கிறது. முகூர்த்த மாதம் வந்தால்தான் அவருக்கு அடுப்பு எரியும். அந்த அவசரத்தில் மூன்று மாதப் பாடத்தை மூன்று நாளில் முடித்து, குட்டியை ஊர்வலத்தில் இறக்குகிறார். ஒரு தடவை கூட்டத்துக்குள் பாய்ந்துவிட்டால் அந்தக் குதிரையை அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? நஷ்டம் அவருக்குத்தான்.

சட்டமும் இருக்கிறது. முள் வைத்த கடிவாளம், முள் வைத்த வார் எதுவும் பூட்டக் கூடாது என்று 1965-ம் ஆண்டு மத்திய அரசு விதி சொல்கிறது. பந்தயம் நடத்துகிற கமிட்டிகள், பூட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு குதிரையின் வாயையும் திறந்து பார்க்க வேண்டும். பதறுகிற குட்டிக்குப் பந்தயத்தில் இடம் இல்லை என்று திருப்பி அனுப்பவும் வேண்டும்.

கல்யாண வீட்டுக்காரர்களுக்கும் பொறுப்பு உண்டு. வாடகை பேசும்போது "குதிரை ஆடுமா?" என்று மட்டும் கேட்கிறார்கள். "வேட்டுக்குப் பழக்கியிருக்கிறீர்களா? என்ன வயசு?" என்றும் கேட்கட்டும். இல்லை என்று பதில் வந்தால், மாப்பிள்ளை காரில் போகட்டும். குதிரையைத்தான் கொண்டுவருவோம் என்றால் சரவெடியைத் தெருமுனையிலேயே கொளுத்திவிட்டு, புகை அடங்கிய பிறகு குதிரையைக் கூப்பிடட்டும்.