டிராக்டர் ஒரு வண்டி, டிரெய்லர் இன்னொரு வண்டி

கேள்வி: பாகூர் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை இருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் ஒருவரிடம் பழைய டிராக்டரை டிரெய்லரோடு சேர்த்து விலை பேசியிருக்கிறேன். டிராக்டருக்குத் தமிழ்நாட்டு ஆர்.சி. இருக்கிறது. டிரெய்லர் பட்டறையில் செய்தது. அதற்குப் புத்தகம் எதுவும் இல்லை. ‘விவசாய வண்டியை யார் கேட்கப் போகிறார்கள்?’ என்கிறார் விற்பவர். எங்கள் நெல்லை ஏற்றியது போக வாடகைக்கும் ஓட்டலாம் என்று நினைக்கிறேன். எவ்வளவு எடை ஏற்றலாம்?
– வாசகர், தேங்காய்த்திட்டு, புதுச்சேரி

பதில்: முழுப் பணத்தையும் இன்னும் கொடுக்கவில்லை என்றால், கொஞ்சம் பொறுங்கள். டிராக்டரைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. சிக்கல் எல்லாம் பின்னால் வரும் டிரெய்லரில்தான் இருக்கிறது.

எஞ்சின் இல்லாததால் டிரெய்லரை மாட்டு வண்டி மாதிரி ஒரு சாமான் என்றே பலரும் நினைக்கிறார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவு, மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள் டிரெய்லரையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே அதற்கும் தனிப் பதிவு, தனி எண், தனி ஆர்.சி. வேண்டும். டிரெய்லரின் சொந்த எண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். அதை இழுக்கும் டிராக்டரின் எண்ணும் டிரெய்லரின் பின்புறம் தெரிய வேண்டும். பதிவில்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம்.

அபராதத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம். விபத்து நடந்தால் அப்படி வர முடியாது. இருட்டில் சாலையோரம் நிற்கும் டிரெய்லரில் இருசக்கர வாகனம் மோதி ஓட்டியவர் இறந்துபோனால், தீர்ப்பாயத்தில் இழப்பீடு லட்சக்கணக்கில் போகும். காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது, டிரெய்லரைப் பாலிசியில் குறிப்பிட்டு அதற்குப் பிரீமியம் கட்டியிருக்கிறதா என்பதைத்தான். ஆர்.சி.யே இல்லாத டிரெய்லரை வைத்துக்கொண்டு அந்த வாதத்தில் ஜெயிப்பது கடினம். பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால் அந்த இரண்டு ஏக்கரை விற்றாலும் பற்றாது. பட்டறையில் பற்றவைத்த பழைய டிரெய்லரை இனிமேல் பதிவு செய்வதும் எளிதல்ல. அங்கீகரிக்கப்பட்ட தயாரிப்பாளரின் சான்று கேட்பார்கள். அதனால் டிராக்டரை மட்டும் வாங்குங்கள். டிரெய்லரை ஆர்.சி. உள்ளதாக வேறு இடத்தில் பாருங்கள். சேர்த்துத்தான் விற்பேன் என்றால், டிரெய்லருக்குப் பழைய இரும்பு விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

‘விவசாய வண்டியை யார் கேட்கப் போகிறார்கள்?’ என்று அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், விவசாய டிராக்டரைப் போக்குவரத்து வாகனமாகக் கணக்கிடுவதில்லை. அதனால்தான் லாரிக்குக் கேட்கும் பர்மிட், எஃப்.சி. எல்லாம் சொந்த விவசாயத்துக்கு ஓடும் டிராக்டருக்குக் கேட்பதில்லை. ஆனால் அந்தச் சலுகை வண்டி செய்யும் வேலையோடு சேர்ந்தது. டிரெய்லரை மாட்டிச் சரக்கு ஏற்றும் டிராக்டர் சரக்கு வாகனமே என்று 2005-இல் நட்வர் பாரிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

உங்கள் நெல்லும் எருவும் வைக்கோலும் போகலாம். பக்கத்து வயலைக் கூலிக்கு உழுது கொடுப்பது சரக்கு ஏற்றுவதே அல்ல. செங்கல், எம்-சாண்ட், அல்லது உங்கள் ஊர் மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் என்று வாடகைக்கு ஏற்றினால் கதை வேறு. அதற்குச் சரக்கு வாகனமாகப் பதிவு, அதற்கான வரி, எஃப்.சி., அதற்கேற்ற பாலிசி எல்லாம் வேண்டும். விவசாயப் பாலிசியை வைத்துக்கொண்டு செங்கல் ஏற்றும்போது விபத்து நடந்தால், அந்தப் பாலிசியை நம்ப முடியாது. வாடகைதான் முக்கிய வருமானம் என்று திட்டமிட்டால், சிறிய சரக்கு வண்டி ஒன்றே உங்களுக்குத் தோதுப்படும் என்பது என் எண்ணம்.

இப்போது எடைக்கு வருவோம். டிரெய்லரில் எவ்வளவு கொள்ளும் என்பதோ, டிராக்டர் எத்தனை குதிரைத்திறன் என்பதோ கணக்கில்லை. ஆர்.சி.யில் இரண்டு எண்கள் இருக்கும்: காலி எடை, சரக்கோடு சேர்த்த மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. உதாரணத்துக்கு, மொத்த எடை 5,000 கிலோ, காலி எடை 1,200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றலாம் என்பது 3,800 கிலோ. 75 கிலோ மூட்டையாக 50 மூட்டை ஏற்றினால் 3,750 கிலோ. அதோடு நிறுத்த வேண்டும். நம் களத்தில் 70 மூட்டை அடுக்கிவிட்டு, பலகை வைத்து உயர்த்தி இன்னும் பத்து போடலாமா என்று பார்ப்போம். 70 மூட்டை என்றால் 5,250 கிலோ. ஏறக்குறைய ஒன்றரை டன் கூடுதல்.

2019-இல் திருத்திய 194-ஆம் பிரிவு, அதிக எடைக்கு 20,000 ரூபாயும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் சொல்கிறது. கூடுதல் சரக்கை உங்கள் செலவில் இறக்கிய பிறகே வண்டி நகரும். அறுவடை சமயத்தில் நடுரோட்டில் இருபது மூட்டையை இறக்கி, காவலுக்கு ஆள் போட்டு, இன்னொரு வண்டி பிடிப்பது என்ன பாடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் அதிகாரி வண்டியை எடைமேடைக்கு ஓட்டிப் போகச் சொல்லலாம். போகும் வழியிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் எடைமேடை இருந்தால் மறுக்க முடியாது. மறுத்தால் அபராதம் 40,000 ரூபாய்.

வைக்கோல் எடையில் தப்பிவிடும், அகலத்தில் மாட்டும். பாரம் அனுமதித்த அளவைத் தாண்டிப் பக்கவாட்டிலோ பின்னாலோ உயரத்திலோ நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் 20,000 ரூபாய் என்று அதே பிரிவு சொல்கிறது. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் வண்டிகளின் பின்னால் ஒருமுறை பைக்கில் போனவர்களுக்கு இந்த விதி ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

அடுத்தது எல்லை. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வரைபடத்தால் புதுச்சேரி கிராமங்கள் தமிழ்நாட்டோடு பின்னிக் கிடக்கின்றன. வரப்பு தாண்டினால் வேறு மாநிலம் என்ற இடங்களும் உண்டு. அதற்காகப் பயப்பட வேண்டாம். ஒரு மாநிலத்துப் பதிவு இந்தியா முழுக்கச் செல்லும். ஆனால் வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய எண் வாங்க வேண்டும். நீங்கள் புதுச்சேரியில் குடியிருந்து இங்கேயே வண்டியை வைக்கப் போகிறவர். ஆகவே விற்பவர், தமிழ்நாட்டில் பதிவு செய்த அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையின்மைச் சான்று வாங்கித் தர வேண்டும். 29, 30 படிவங்களில் இருவரும் கையெழுத்திட வேண்டும். வங்கிக் கடனில் வாங்கிய டிராக்டர் என்றால், கடன் தீர்ந்ததற்கு வங்கி முத்திரையோடு படிவம் 35 வேண்டும். பிறகு படிவம் 27-உடன் இங்கே வந்து வரி கட்டிப் புதுச்சேரி எண் வாங்கலாம். வாங்கிய 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டியது உங்கள் கடமை. பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும்; பழைய டிராக்டர் என்கிறீர்கள், எனவே ஆர்.சி.யில் முடியும் தேதியைப் பாருங்கள்.

விற்பவரிடம் இதையும் சொல்லுங்கள், வேலை சீக்கிரம் நடக்கும்: பெயர் மாறாதவரை விபத்துக்கு ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-இல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஓட்ட உங்களிடம் உள்ள எல்.எம்.வி. உரிமம் போதும், விவசாய டிராக்டர்கள் அந்த வகுப்புக்குள்தான் வருகின்றன. பள்ளிக்கூடம் படிக்கும் பையனிடம் மட்டும் சாவியைக் கொடுக்க வேண்டாம். பதினெட்டு வயது ஆகாதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. நடவுக்குப் போகும் பெண்களை டிரெய்லரிலும் மட்கார்டிலும் ஏற்றிப் போகும் பழக்கமும் வேண்டாம். ஆர்.சி.யில் டிராக்டருக்கு எழுதியிருப்பது ஓட்டுநர் இருக்கை ஒன்றுதான். மற்றவர்களுக்கு அடிபட்டால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும். அவர்களுக்கு ஷேர் ஆட்டோ காசு கொடுத்துவிடுங்கள்.