காற்பந்துப் பயிற்சிக்கழகங்கள்: ஆதாயம் யாருக்கு?



தொடக்கநிலை ஐந்தில் பயிலும் மாணவர்களின் பெற்றோர் சிலர், மதிப்பெண்களைப் பற்றிப் பேசி முடித்தபின் சற்றுத் தயக்கத்துடன் வேறொரு வினாவை எழுப்புவதுண்டு. மகனைக் காற்பந்துப் பயிற்சிக்கழகத்திற்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அடுத்த ஆண்டோ இறுதியாண்டுத் தேர்வு, அனுப்பலாமா, வேண்டாமா? இதற்கு விடை காணுமுன், பெரிய குழுக்கள் இத்தகைய கழகங்களை எதற்காக நடத்துகின்றன என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

குழுக்களின் கணக்கு எளியது. பன்னிரண்டு வயதில் சேர்த்துப் பயிற்றுவித்த சிறுவன் இருபது வயதில் முதல் அணிக்கு வந்துவிட்டால், பல மில்லியன் கொடுத்து ஒருவரை வாங்கும் செலவு மிச்சம். அவன் வேறிடம் சென்றாலும் வருவாய் உண்டு. ஓர் ஆட்டக்காரர் பணத்திற்குக் கைமாறும்போது, அத்தொகையில் 5 விழுக்காட்டை அவரை 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்த குழுக்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. ஐரோப்பியப் போட்டிகளிலும் 25 பேர் கொண்ட பட்டியலில் 8 இடங்கள் உள்நாட்டில் பயிற்சி பெற்றோருக்கு உரியவை.

பார்சலோனா 1979-இல் தொடங்கிய லா மாசியா இதற்குத் தலைசிறந்த சான்று. 2012 நவம்பரில் லெவான்டே குழுவுக்கு எதிரான ஆட்டத்தில், ஒரு கட்டத்தில் களத்தில் நின்ற பதினொருவருமே அப்பள்ளியின் பிள்ளைகளாக இருந்தனர்!

மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்தின் பிரென்ட்ஃபர்ட் குழு 2016-இல் தன் பயிற்சிக்கழகத்தை மூடிவிட்டது. திறமையுள்ள சிறுவர்களைப் பெரிய குழுக்கள் சிறு தொகைக்குக் கவர்ந்து செல்லும்போது, நாம் எதற்கு வளர்க்க வேண்டும் என்று அது எண்ணியது. பிற குழுக்கள் கைவிட்ட இளையர்களைத் திரட்டி இரண்டாம் அணி ஒன்றை அமைத்தது. 2021-இல் பிரிமியர் லீக்கிற்கும் உயர்ந்தது. எனினும் 2022-இல் அதே குழு தன் பயிற்சிக்கழகத்தை மீண்டும் தொடங்கியது. வேண்டாம் என்று மூடியவர்களே திரும்பி வந்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இனி நம் சிங்கப்பூருக்கு வருவோம். நம் முன்னோடி ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சிக்கழகம் என்பதே கிடையாது. லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் போன்ற திடல்கள்தாம் அவர்களின் பள்ளிக்கூடம். 1977-இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற அணிக்குத் தலைமை தாங்கிய சமது அல்லாப்பிச்சை, பின்னாளில் சுவிட்சர்லாந்தின் பாசல் குழுவில் ஆடிய வி. சுந்தரமூர்த்தி ஆகியோர் எல்லாம் அந்தக் காலத்துப் பிள்ளைகள். இன்று திடல்கள் குறைந்துவிட்டன. பிள்ளைகளின் ஓய்வு நேரமும் குறைந்துவிட்டது. ஆகவே, திடல் தானாகச் செய்த வேலையை இன்று யாரேனும் ஒருவர் ஏற்பாடு செய்தே ஆகவேண்டும்.

அதற்கான முயற்சிகளும் நடந்தன. 2010 உலகக் கிண்ணத்திற்குத் தகுதி பெறுவது என்ற இலக்கு 1998-இல் அறிவிக்கப்பட்டது. 2003-இல் இளஞ்சிங்கங்கள் அணி எஸ்-லீக்கில் சேர்ந்தது. 2004-இல் உட்லண்ட்ஸில் விளையாட்டுப் பள்ளி திறக்கப்பட்டது. இலக்கு எட்டவில்லை. 2021-இல் மற்றொரு தேசியத் திட்டம் தொடங்கியது. 2025 நவம்பரில் நம் அணி 2027 ஆசியக் கிண்ணத்திற்குத் தகுதி பெற்றது. 1984-இல் போட்டியை ஏற்று நடத்தியதால் இடம் கிடைத்தது; சொந்த ஆட்டத்தால் தகுதி பெற்றது இதுவே முதன்முறை.

2020-இல் தனியார்மயமான லயன் சிட்டி செய்லர்ஸ் குழுவையும் பாருங்கள். அது பெரும் பொருட்செலவில் இளையர்களைப் பயிற்றுவிக்கிறது. ஆயினும் 2025 மே மாதம் பீஷானில் நடந்த ஆசிய இரண்டாம் நிலைப் போட்டியின் இறுதியாட்டத்தில் அதன் ஒரே கோலை அடித்தவர் பெல்ஜிய நாட்டவர். இன்றைய வெற்றியை விலைக்கு வாங்கலாம். நாளைய அணியை வளர்த்துத்தான் பெற முடியும். பத்தாண்டு பொறுமை உள்ள குழுவுக்குப் பயிற்சிக்கழகம் நிச்சயமாகப் பயன் தரும் என்பதே என் கருத்து.

ஆனால் குழுவுக்குப் பயன் தருவது பிள்ளைக்கும் பயன் தரும் என்று கொள்ள இயலாது. நூறு பேரில் ஓரிருவர் முதல் அணிக்கு வந்தாலும் குழுவுக்கு ஆதாயமே. எஞ்சியவர்கள்? அவர்கள் நம் வகுப்பறைக்குத்தான் திரும்பி வருகிறார்கள். நம் பையன்களுக்கு ஏறத்தாழ பதினெட்டு வயதில் தேசிய சேவையும் வந்துவிடுகிறது. வெளிநாட்டுக் குழுக்கள் இளையர்களைத் தேடும் வயதும் அதுவே.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். காற்பந்தில் அது பல நேரங்களில் பொய்த்திருக்கிறது. சிறுவனாக இருந்தபோது ஆர்சனல் விடுவித்த ஹாரி கேன், 2023-இல் இங்கிலாந்து அணிக்காக மிக அதிக கோல் அடித்தவரானார். பதினாறு வயதில் ஷெஃபீல்ட் வென்ஸ்டே கைவிட்ட ஜேமி வார்டி, 2016-இல் லெஸ்டர் அணியுடன் பிரிமியர் லீக் பட்டம் வென்றார். பதினோரு வயதில் தரப்படும் தீர்ப்பை இறுதித் தீர்ப்பாகக் கருதலாகாது என்பது ஆசிரியர்களாகிய நமக்கு நன்கு தெரிந்த உண்மையன்றோ?

ஆகவே, பெற்றோர்களே, அனுப்புங்கள்; ஆனால் கையெழுத்திடும் முன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். தேர்வு ஆண்டில் பயிற்சி நேரத்தைக் குறைப்பார்களா? காயம் பட்டால் யார் பொறுப்பு? பிள்ளையை விடுவிக்கும்போது யார், எவ்வாறு அவனிடம் சொல்வார்கள்? இவற்றுக்குத் தெளிவான விடை தரும் இடத்தில் பிள்ளை ஒழுக்கத்தையும் உடல்நலத்தையும் நட்பையும் பெறுவான். ஆட்டக்காரன் ஆகாவிட்டாலும் இழப்பில்லை. விடை தர இயலாத இடத்தில் அவன் வெறும் முதலீடு மட்டுமே.

ஆசிரிய நண்பர்களே, பயிற்சி முடிந்து களைத்து வரும் மாணவன் வீட்டுப்பாடத்தை ஒரு நாள் தாமதமாகக் கொடுத்தால் சற்றுப் பொறுத்துக்கொள்வோம். தேர்வாகாமல் திரும்பும் நாளில் அவன் முதலில் நம் முகத்தைத்தான் பார்ப்பான். உங்கள் எண்ணங்களையும் அன்புடன் எதிர்பார்க்கிறேன்.