அங்குல ஆற்றல்

கையைப் பின்னுக்கு இழுத்து ஓங்கினால்தான் அடி வலிமையாக விழும் என்பது பொதுவான எண்ணம். அஃது முற்றும் உண்மையன்று என்பதைச் சீனப் போர்க்கலையாகிய குங்ஃபூ காட்டுகிறது. இலக்கிற்கும் கைக்கும் இடையே ஓர் அங்குலமே இருக்கும். அச்சிறு இடைவெளியிலிருந்தே எதிர்நிற்பவர் நிலைகுலையுமாறு குத்துவர். சீனர் இதனைச் 'சுன் ஜின்' என்பர். அங்குல ஆற்றல் என்பது அதன் பொருள்.

தென்சீனத்தில் வளர்ந்த விங் சுன் என்னும் பிரிவு நெருங்கி நின்று தாக்குவதில் பெயர் பெற்றது. ஃபோஷான் நகரத்தவரான இப் மான் அதனை ஹாங்காங்கில் பலருக்குக் கற்பித்தார். அவர் மாணவருள் ஒருவரே புரூஸ் லீ. 1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாங் பீச் நகரில் நடந்த கராத்தே விழாவில் அவர் இக்குத்தைச் செய்து காட்டினார். எதிரே நின்றவர் பின்னிருந்த நாற்காலியில் போய் விழுந்தார். அக்காட்சியைக் கண்டும் கேட்டும் வியந்த இளைஞர் பலர் இக்குத்தை விரைந்து கற்க விழைகின்றனர். மந்திரம் என்று நம்புவோரும் உளர்.

இது மந்திரமன்று, உழைப்பின் பயன். இங்குக் குத்துவது கை மட்டுமன்று. காலடி தரையை உந்துகிறது, முழங்கால் நிமிர்கிறது, இடுப்புத் திரும்புகிறது, தோளும் முழங்கையும் அவ்விசையை முன்செலுத்துகின்றன, முடிவில் மணிக்கட்டு இறுகுகிறது. இவையாவும் இமைப்பொழுதில் இசைதல் வேண்டும். ஓர் உறுப்பு முந்தினாலும் பிந்தினாலும் விசை வீணாகும். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர், கறுப்புப் பட்டை பெற்ற கராத்தே வீரரையும் அக்கலை பயிலாதவரையும் 5 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து குத்தச் செய்து, 2012இல் தம் முடிவை வெளியிட்டனர். வீரரின் குத்து வலிமையாய் இருந்தமைக்குக் காரணம் தசைவலிமையன்று. தோளும் மணிக்கட்டும் காலத்தால் இசைந்தமையே என்று கண்டனர்.

அவ்விசைவு எவ்வாறு வரும்? விங் சுன்னின் முதற்பாடத்திற்குச் 'சியூ நிம் தாவ்' என்று பெயர்; 'சிறு எண்ணம்' என்பது பொருள். மாணவன் நின்ற இடத்திலேயே நின்று கைகளை மெல்ல இயக்கிப் பழகுகிறான். பின்னர்த் துணைவன் கையோடு தன் கையை ஒட்டவைத்து, அவன் அசைவைத் தொடுதலாலேயே உணரப் பழகுகிறான். விரைவை நாடி வந்தவனுக்கு நிதானமே முதற்பாடம்! இதனை விடுத்துக் குத்தை மட்டும் கேட்பவன், வேருக்கு நீர் விடாது கனியைக் கேட்பவன் ஆவான். சில நாளில் கற்பிப்போம் என்பார் கூற்றும் நம்பத்தக்கதன்று. மேடையில் நிற்பவர் குத்து வரும்வரை அசையாது நிற்பார். போரில் எதிரி அவ்வாறு நிற்பானா?

இன்னொன்றும் எண்ணத்தக்கது. ஓங்கிய கையைக் கண்டால் விலகித் தப்பலாம். ஓங்காத கையை எங்ஙனம் காண்பது? முன்னறிவிப்பின்றி வரும் அடி அது. ஆகவே, அதனைக் கற்பவன் கைக்கு முன்னர்ச் சினத்தை அடக்கக் கற்றல் வேண்டும். நிதானமாகப் பயின்ற நெடிய நாட்கள் அவ்வடக்கத்தையும் உடன் தருகின்றன. குறுக்கு வழி அதனைத் தருவதில்லை. ஓர் அங்குலக் குத்துக்குப் பின்னே பல்லாண்டுப் பயிற்சி நிற்றல் வேண்டும். அதுவே கற்பவனுக்கும் பிறர்க்கும் காப்பாகும்.