கைக்குள் அடங்கும் ஆகாய விமானம்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் ஒத்தக்கடையை நெருங்கும்போது, படுத்திருக்கும் யானையைப் போன்ற யானைமலை கண்ணில் படும். தூரத்திலிருந்து பார்த்தால் மத்தகமும் துதிக்கையும் கூடத் தெரிவது போலிருக்கும். அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாலோ யானை மறைந்துவிடும். பாறை மட்டுமே மிஞ்சும். உருவம் ஒத்திருப்பது வேறு, அந்தப் பொருளாகவே இருப்பது வேறு என்பதை ஒத்தக்கடைப் பிள்ளைகள் தினந்தோறும் கண்ணால் காண்கிறார்கள். இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கும் இதுவே முதற் பாடம்.

சிறு துண்டுகளாகப் பெட்டியில் வரும் பாகங்களைப் பசையிட்டு ஒட்டி, ஆகாய விமானங்களின் மாதிரிகளைச் செய்யும் பழக்கம் பிள்ளைகளிடையே உண்டு. சிலர் போர் விமானங்களைச் செய்கிறார்கள். சிலர் பரிசோதனை விமானங்களை. இன்னும் சிலர் கதைகளிலும் சினிமாவிலும் மட்டுமே பறக்கும் விண்கலங்களை. “பரீட்சை நெருங்குகிறது, இவன் பசையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறானே!” என்று தாய்மார்கள் வருந்துவது இயல்பே. அந்தப் பிள்ளையின் சார்பாகச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

இந்தப் பெட்டிகளில் 72-க்கு 1 என்னும் அளவு மிகப் பிரசித்தமானது. அதாவது, மாதிரியில் ஓர் அங்குலம் உண்மையான விமானத்தில் ஆறு அடி. நம் தேசத்தில் உருவாகி 2001 ஜனவரி 4-ஆம் தேதி முதன்முதலாகப் பறந்த தேஜஸ் விமானத்தின் நீளம் 13.2 மீட்டர், இறக்கை வீச்சு 8.2 மீட்டர். இந்த அளவில் அது சுமார் 18 சென்டிமீட்டர் நீளமும் 11 சென்டிமீட்டர் வீச்சும் உள்ள சிறு பொருளாகிவிடும். உள்ளங்கையில் அடங்கிவிடும் அல்லவா? இதைக் கணக்கிட்டுப் பார்க்கும் சிறுவன் விகிதக் கணக்கைப் பாடப் புத்தகத்துக்கு வெளியே கற்றுக்கொள்கிறான்.

ஆனால் அளவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு விமானத்தை எல்லாப் பக்கத்திலும் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால், இறக்கையின் பரப்பு நூறில் ஒரு பங்காகும்; அதே பொருளால் செய்தால் எடையோ ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ஆகவே சிறிய மாதிரி சுலபமாக மிதக்கும். அதையே பத்து மடங்கு பெரிதாக்கினால், இறக்கை ஒவ்வொரு சதுர அடியிலும் பத்து மடங்கு பாரம் சுமக்க நேரிடும். கையில் பறந்தது வானில் பறந்தே தீரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இந்த இடைவெளியைக் கடப்பதற்குத்தான் விஞ்ஞானிகள் படிப்படியாக மாதிரிகளைச் செய்து சோதிக்கிறார்கள்.

நம் தேசத்திலேயே இதற்கு உதாரணங்கள் உண்டு. ஜெர்மானிய நிபுணர் குர்ட் டாங்க் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் ‘மாருத்’ என்னும் போர் விமானத்தை வகுத்தபோது, முதலில் அதே அளவில் மரத்தாலான, எஞ்சின் இல்லாத ஒரு மிதவை விமானம் செய்யப்பட்டது. 1959-இல் டக்கோட்டா விமானம் ஒன்று அதை வானுக்கு இழுத்துச் சென்று விடுவித்தது. அந்த மர விமானம் கற்றுத் தந்தவற்றுக்குப் பின்னரே, 1961 ஜூன் 17-ஆம் தேதி மாருத் தன் சொந்த பலத்தில் பறந்தது.

அண்மைக் காலத்திலும் இதே வழிதான். இந்திய விண்வெளி நிறுவனம், திரும்பத் திரும்பப் பயன்படக்கூடிய விண்கலம் ஒன்றின் சிறிய மாதிரியை 2016 மே 23-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. ஆறரை மீட்டர் நீளமும் 1.75 டன் எடையும் உள்ள அந்தச் சிறகுள்ள கலம் சுமார் 65 கிலோமீட்டர் உயரம் சென்று வங்கக் கடலில் இறங்கிற்று. 2023 ஏப்ரல் 2-ஆம் தேதி, சித்திரதுர்க்கா அருகே ஹெலிகாப்டர் ஒன்று அதன் இன்னொரு மாதிரியை நாலரை கிலோமீட்டர் உயரத்தில் விடுவிக்க, அது தானாகவே வழி கண்டு ஓடுபாதையில் வந்து இறங்கியது. 2024-இல் நடந்த சோதனைகளில் அதற்குப் ‘புஷ்பக்’ என்று பெயர் வழங்கினார்கள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு உள்ளம் பூரிக்கும். பூரிக்கட்டும், தவறில்லை. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், சச்சந்தன் என்னும் அரசன் மயில் வடிவில் ஒரு பறக்கும் பொறியைச் செய்விக்கிறான். வலப்புறம் திருகினால் எழும்; இடப்புறம் திருகினால் இறங்கும். அதை ஓட்டிச் சென்றவள் கர்ப்பிணியான அரசி விசயை. பறக்கும் யந்திரத்தைக் கற்பனை செய்து, அதை ஒரு பெண்ணின் கையில் ஒப்படைத்த கவியை எவ்வளவு போற்றினாலும் தகும்.

ஆனால் கற்பனையைக் கற்பனை என்று போற்றுவது வேறு; ‘அன்றே எல்லாம் நம்மிடம் இருந்தது’ என்று மார்தட்டுவது வேறு. ‘வைமானிக சாஸ்திரம்’ என்னும் நூலை மிகப் பழமையானதென்று பலர் கொண்டாடினர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஐவர் அதை ஆராய்ந்து 1974-இல் தம் முடிவை வெளியிட்டனர். அந்த நூல் 1904-க்கு முற்பட்டதல்ல என்றும், அதில் வரைந்துள்ள விமானங்கள் பறக்கும் தகுதி உடையவை அல்ல என்றும் அவர்கள் கண்டார்கள். இந்திய விஞ்ஞானிகளே இதை அளந்து பார்த்துச் சொன்னார்கள் என்பதில்தான் நமக்குப் பெருமை. தேச பக்தி என்பது உண்மைக்கு அஞ்சுவதல்ல.

மாதிரி செய்யும் பிள்ளைக்கு இந்த நேர்மை கைப்பழக்கமாகவே வந்துவிடுகிறது. மயிற்பொறியைச் செய்ய உட்கார்ந்தால், தோகை எவ்வளவு கனம், இறக்கை எவ்வளவு அகலம், பாரம் எங்கே விழுகிறது என்ற கேள்விகள் உடனே எழும். வாய்ப்பேச்சுக்கு மயங்குகிறவர்கள் உண்டு, காற்று மயங்குவதில்லை.

இதற்கு விலையுயர்ந்த அயல்நாட்டுப் பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் பெரிய கோவிலையே நெட்டியில் செய்து காட்டுகிறார்கள். நெட்டி, தெர்மாகோல், கெட்டி அட்டை இவற்றில் எது கிடைத்தாலும் போதும். நேரான இறக்கையுள்ள சிறு மிதவை விமானம் ஒன்றைச் செய்து, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு தள்ளி, இரு விரல்களால் தாங்கிப் பாருங்கள். அது சமனாக நிற்க வேண்டும். பிறகு மெதுவாக வீசிப் பாருங்கள். மூக்கை உயர்த்திப் பின் விழுந்தால் மூக்கில் சிறிது களிமண் சேர்க்கலாம். தலைகுப்புறப் பாய்ந்தால் சிறிது எடுத்துவிடலாம். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து, கண்டதை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்க வேண்டும். ஆராய்ச்சி என்று பெரிய இடங்களில் நடப்பதன் சாரம் இதுதான்.

மாதிரி உருவங்கள் நம் இல்லங்களுக்குப் புதியவை அல்ல. மதுரையை அடுத்த விளாச்சேரியிலிருந்து வரும் மண் பொம்மைகளைப் படிகளில் அடுக்கி, கீழே கோவிலும் குளமும் பூங்காவும் அமைத்து மகிழ்கிற குடும்பங்கள் எத்தனை! வருகிற நவராத்திரியில், பிள்ளையோ பெண்ணோ தன் கையால் அளந்து செய்த விமானத்துக்கும் கொலுவில் ஓர் இடம் கொடுங்கள். பக்கத்தில் அதன் அளவையும் விகிதத்தையும் எழுதிய சிறு சீட்டு இருக்கட்டும். சுண்டலுக்கு வருகிறவர்கள் “இது பறக்குமா?” என்று கேட்பார்கள். அதற்குக் குழந்தையே பதில் சொல்லட்டும். பெரியவர்கள் குறுக்கே பேசாமல் இருந்தால் போதும்.