கடதாசிக் கொக்குக்கு எந்தத் திண்ணை?

ஒரு சதுரக் கடதாசியை வெட்டாமலும் ஒட்டாமலும் மடித்துக் கொக்கும் ஆமையும் தாமரையும் ஆக்குங் கலையை யப்பானியர் ஒரிகாமி என்பர். 'ஒரி' மடித்தலையும் 'காமி' கடதாசியையும் குறிக்கும். கத்தரிக்கோலும் பசையும் வேண்டாத இக்கலைக்குச் செலவு சொற்பம், பொறுமையே மூலதனம். நமது குடாநாட்டு மாணவர் சிலருக்கும் இதிலே பற்று உண்டாகியிருக்கிறது. தாம் மடித்தவற்றைப் படமெடுத்துப் பலருங் காணவைக்க எந்த இணையத்தளம் உகந்தது என்பது அவர்களுள் ஒருவர் நமக்கு விடுத்த வினா. வினா சிறிது, அதனுள் அடங்கிய விடயமோ பெரிது.

கடதாசி நெடுநாள் வாழும் பொருளன்று. நம்மூர் மாரிகாலத்து ஈரம் அதைத் தொய்யச் செய்யும். கோடை வெயில் அதன் நிறத்தை வெளுக்கச் செய்யும். எஞ்சியதைக் கறையானும் இராமபாணப் பூச்சியும் பார்த்துக்கொள்ளும். ஆகவே மடிப்புக் கலைஞனுக்குப் படம் என்பது வெறும் விளம்பரமன்று. அவனுடைய படைப்பின் இரண்டாவது உயிர் அதுவே. அவ்வுயிரை எங்கே குடியிருத்துவது என்பதே இங்கு கேள்வி.

படம் செய்யும் உதவிக்குச் சான்று தேடி யப்பானுக்குப் போகவேண்டியதில்லை. அயலிலுள்ள சென்னையிலே, 1893 ஆம் ஆண்டில், சுந்தர ராவ் என்பவர் கடதாசி மடிப்பின் வழியாகக் கேத்திரகணிதம் பயிற்றும் நூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். சிறுவர் பாடசாலைகளில் வழங்கிய வண்ணக் கடதாசிச் சதுரங்களே அவருக்கு அந்த எண்ணத்தை அளித்தன. யேர்மனியக் கணித மேதை பீலிக்ஸ் கிளைன் தமது நூலில் அதனைக் குறிப்பிட்டார். அக்குறிப்பைக் கண்ட அமெரிக்கப் பேராசிரியர் இருவர் அதனைப் பதிப்பிக்க முன்வந்தனர். 1901 இல் சிக்காகோவில் வெளிவந்த அப்பதிப்பிலே, முதற் பதிப்பின் கோட்டுச் சித்திரங்களுக்குப் பதிலாக, உண்மையாக மடித்த கடதாசிகளின் நிழற்படங்கள் இடம்பெற்றன. அத்தாள்களை நாம் கண்டதில்லை. அவற்றின் மடிப்புகளையோ இன்றும் இணையத்தில் இலவசமாகக் காண்கிறோம். படமும், அதன் விளக்கமும், செய்தவர் பெயரும் ஒன்றாகக் கட்டுண்டு கிடந்தமையே இதற்குக் காரணம்.

இம்மூன்றும் பிரிந்தால் என்னாகும்? நம்மூர்க் குருத்தோலைத் தோரணத்தை எண்ணிப் பாருங்கள். அதுவும் மடிப்புக் கலையே. மங்கலத்துக்குக் கட்டுந் தோரணத்தின் மடிப்பு வேறு. அமங்கலத்துக்குக் கட்டுவது வேறு. இதனை அறியாத அயல்நாட்டவர் இழவு வீட்டுத் தோரணத்தின் படத்தைப் பார்த்து மணவீட்டு அலங்காரமென்று மகிழக்கூடும். படத்தின் கீழே இரண்டு வரி இருப்பின் அத்தவறு நேராது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை வானிலே பறக்கும் விசித்திரப் பட்டங்களின் படங்கள் கடல் கடந்து செல்கின்றன. இரவு பகலாக அவற்றைக் கட்டியவரின் பெயர் பெரும்பாலும் உடன் செல்வதில்லை. ஆதலால் தளத்தைத் தேடுவோர் முதலிற் கேட்கவேண்டியது, 'எத்தனை பேர் பார்ப்பர்?' என்பதன்று, 'என் படத்தோடு என் பெயரும் குறிப்பும் நிற்குமா?' என்பதே.

அடுத்துக் கேட்கவேண்டியவை சில உள. படத்தின் அளவைத் தளம் குறைத்துவிடுமா? நுண்ணிய மடிப்பின் அழகெல்லாம் அதன் வரைகளில் இருப்பதால் இது முக்கியம். படங்களை வகைவகையாகத் தொகுதிகளில் அடுக்கலாமா? கணக்கில்லாத ஒருவரும் வந்து பார்க்க இயலுமா? நாம் விலக நினைத்தால் படங்களை ஒருங்கே திருப்பி எடுத்துக்கொள்ள வழியுண்டா?

இவ்வுரைகல்லில் இன்றைய தளங்களை உரைத்துப் பார்ப்போம். 2010 இல் தோன்றிய இன்ஸ்டகிராமிலே கூட்டம் அதிகம். பாராட்டும் விரைவிற் கிடைக்கும். ஆயினும் அது படத்தைச் சுருக்கிவிடுகிறது. புதியது வர வரப் பழையது கீழே புதைகிறது. கணக்கில்லாதவரை அது வாயிலிலேயே மறிக்கிறது. 2004 இல் தோன்றிய பிளிக்கரிலே கூட்டம் குறைவு. எனினும் தொகுதிகள் அமைக்கலாம், நீண்ட குறிப்பெழுதலாம், ஒரே துறையில் ஈடுபட்டோர் கூடுங் குழுக்களிற் சேரலாம். அதே ஆண்டு தொடங்கிய விக்கிமீடியா பொதுவகம், கல்விக்குப் பயன்படும் படங்களை எவரும் எடுத்தாளுமாறு வைக்கும் களஞ்சியம். ஓலைத் தோரணம் போன்ற மரபு மடிப்புகளைப் படிப்படியாகப் படமெடுத்து அங்கு வைப்பது நாட்டுக்குச் செய்யுந் தொண்டாகும். எனவே, காட்சிக்குப் பிளிக்கர், அழைப்புக்கு இன்ஸ்டகிராம், மரபுச் செல்வத்துக்குப் பொதுவகம் என்று பகுத்துக்கொள்வதே நமது ஆலோசனை.

ஆனால் இவை யாவும் பிறர் வீட்டுத் திண்ணைகளே. வீட்டுக்காரர் மாறினால் நியமமும் மாறும். யாகூவின் படத்தளம் 2007 இல் மூடப்பட்டது. கூகிளின் பிக்காசா 2016 இல் நிறுத்தப்பட்டது. போட்டோபக்கெட் 2017 இல் பிற தளங்களிலே தன் படங்களைக் காட்டுவதற்கு ஆண்டுக்கு 399 டொலர் கேட்டது. கொடாதவர் பக்கங்களிலே படம் இருந்த இடம் வெறுமையாயிற்று. நாம் பரிந்துரைத்த பிளிக்கரும் இதற்கு விலக்கன்று. அது 2005 இல் யாகூ கைக்கும், 2018 இல் ஸ்மக்மக் நிறுவனத்தின் கைக்கும் மாறியது. பின்னர் இலவசக் கணக்குக்கு 1000 படங்களே என வரையறுத்தது. திண்ணையிற் கடை பரப்பலாம். ஆனால் குடும்ப நகையை அங்கு வைத்துவிட்டு உறங்கலாமா?

உரிமை பற்றியும் ஒரு சொல். புதிய மடிப்பு ஒன்றை உருவாக்கியவர் ஒருவர். அதைப் பார்த்து மடிப்பவர் மற்றொருவர். யப்பானியக் கலைஞர் அகிரா யோசிசாவா வகுத்த குறியீடுகளின் துணையால் உலகெங்கும் ஒருவர் வடிவத்தை இன்னொருவர் மடிக்க முடிகிறது. ஆதலால், வடிவம் வேறொருவருடையதாயின் அவர் பெயரை எழுதுவதே நேர்மை. மடிப்பு வரைகளை அனுமதியின்றி ஓவியங்களாக்கினார் என்று ஓர் ஓவியர்மீது ரொபட் லாங் முதலிய கலைஞர்கள் 2011 இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தனர். 2013 இல் அது இணக்கமாய் முடிந்தது. இலங்கையிலும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைப்பாளியின் உரிமையை அவர் வாழ்நாளிலும் அதன்பின் 70 ஆண்டுகளும் காக்கிறது.

பெற்றோரும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கைத்தொலைபேசியில் எடுக்கும் படத்தினுள்ளே எடுத்த இடத்தின் குறிப்பு மறைந்திருக்கக்கூடும். அதை நீக்கியபின் ஏற்றுவிக்க வேண்டும். கொக்கின் படம் போதும். பிள்ளையின் பாடசாலைச் சீருடையும் வீட்டு விலாசமும் உலகுக்கு வேண்டுவனவல்ல.

இறுதியாக, திண்ணைக்கு அப்பால் பெட்டகம் ஒன்று வேண்டும். சுருக்காத மூலப் படங்களை, யார் வடிவம், யார் மடித்தது, எந்தத் தாள், எந்த நாள் என்னுங் குறிப்புகளோடு, இரண்டு வெவ்வேறு இடங்களிற் சேமித்து வையுங்கள். ஒன்று வீட்டிலிருந்தால் மற்றொன்று உறவினர் வீட்டிலிருக்கட்டும். ஒரே இடத்தில் இருப்பது ஓரிரவில் இல்லாமற் போகும் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. 1981 இல் பொதுசன நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் வேறு பிரதியில்லாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. வேறோரிடத்திற் பிரதியிருந்த நூலை மீண்டும் பெறலாம். பிரதியில்லாதது போனது போனதே. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து எவரும் எங்கிருந்தும் படிக்க வைத்திருக்கிறது. அப்பெரும் பணியில் உள்ள நியாயமே ஒரு மாணவரின் சிறு கொக்குக்கும் பொருந்தும்.

அடுத்த விடுமுறை நாளிலே, மடித்தவற்றை யன்னலோரம் கறுப்புத் துணிமீது வைத்துப் படமெடுங்கள். முடிந்த உருவத்தோடு இடைநிலை மடிப்புகளையும் எடுங்கள். பெட்டகத்தில் வைத்தபின் திண்ணைக்குக் கொண்டுசெல்லுங்கள். வரிசை மட்டும் மாறாதிருக்கட்டும்.