எட்டாவது வாரமும் ஏழாவது மாதமும்

குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எக்கோ ரிப்போர்ட்டை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு திருநெல்வேலியில் பஸ் ஏறி, மானூர், தேவர்குளம் கடந்து பனவடலிசத்திரத்தில் பீடி சுற்றும் ஒரு தாய் இறங்குகிறாள் என்று வையுங்கள். வீட்டுக்குள் நுழைந்ததுமே விசாரணை தொடங்கிவிடும். "ஏட்டி, கிரகணத்தன்னைக்கு வெளிய வந்தியா? நிறைமாசத்துல எங்கயும் விழுந்தியா? எங்க வம்சத்துல யாருக்கும் இப்படிக் கிடையாதே!"

பனவடலிசத்திரத்தில் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம். படித்த வீடுகளும் விலக்கல்ல. பிள்ளையின் பிறவி இதயக் கோளாறுக்குப் பெற்றவள்தான் காரணம் என்ற இந்த நம்பிக்கை பொய். அதைவிட, பெருங்கொடுமை.

நாள்கணக்கைப் பாருங்கள். கரு உருவாகி மூன்று வாரம் முடிகையில் அதன் இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. அப்போது நாள் தள்ளிப்போய் ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். பல பெண்களுக்குத் தாம் உண்டாகியிருப்பதே தெரியாது. எட்டு வாரத்துக்குள் நான்கு அறைகளும் இடைச்சுவர்களும் வால்வுகளும் அமைந்துவிடும். வளையல் போடுவதோ ஏழாம் மாதம். நிறைமாதத்தில் தூக்கிய குடமும், வழுக்கி விழுந்த முற்றமும், எப்போதோ அமைந்து முடிந்த சுவரில் எப்படி ஓட்டை போடும்?

கிரகணம் வெறும் நிழல். 2010 ஜனவரி 15 அன்று தென்தமிழகத்தில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. ஆனால் கிரகணமே தெரியாத ஆண்டுகளிலும், கிரகணத்துக்குக் கதவடைக்காத நாடுகளிலும், பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இதயக் கோளாறு இருக்கத்தான் செய்கிறது.

அப்படியானால் காரணமே இல்லையா என்று கேட்கலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்னதுதான் என்று ஒன்றைச் சுட்ட முடிவதில்லை. தெரிந்தவை சில உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயக் கோளாறும் இருக்கிறது. கர்ப்பத் தொடக்கத்தில் ருபெல்லா தொற்றினால் குழந்தையின் கண்ணும் இதயமும் பாதிக்கப்படும் என்பதை 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கண்டறிந்தார். கட்டுப்படாத சர்க்கரையும், சில வலிப்பு மாத்திரைகளும், நெருங்கிய உறவுத் திருமணமும் ஆபத்தைக் கூட்டும்.

இவற்றில் எதைத் தாயின் குற்றம் என்பீர்கள்? தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி தமிழ்நாட்டில் பெரும் இயக்கமாக வந்ததே 2017இல்தான். சர்க்கரையையும் மாத்திரையையும் முன்கூட்டியே கவனிக்க வேண்டியது மருத்துவத்தின் பொறுப்பு. சொத்து வெளியே போகக் கூடாதென்று அக்காள் மகளைத் தம்பிக்குக் கட்டிவைத்தவர்கள், "எங்க வம்சத்துல இல்லையே" என்று அவளையே கேட்கிறார்கள். அவளும் அந்த வம்சம்தானே!

இந்தப் பழி வெறும் வாய்ப்பேச்சோடு நிற்பதில்லை. குற்றம் சுமத்தப்பட்டவள் மறைக்கத் தொடங்குகிறாள். பால் குடிக்கையில் பிள்ளைக்கு நெற்றி வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, எடை ஏறவில்லை, சளிக்காய்ச்சல் மாறி மாறி வருகிறது. சவலை என்று சொல்லி மந்திரிக்கத் தூக்கிப் போகிறார்கள். சிறிய ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். பெரிய ஓட்டையை உரிய காலத்தில் மூடாவிட்டால் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுகி, அறுவை சிகிச்சையே செய்ய முடியாத நிலை வரும். ஊர்வாய்க்கு அஞ்சித் தள்ளிப்போட்ட மாதங்கள் பிள்ளையின் ஆயுளில் கழிகின்றன.

தூங்கும் பிள்ளையின் மூக்கருகே விரல் வைத்து மூச்சிருக்கிறதா என்று இரவெல்லாம் பார்ப்பவள் அவள். அழுதால் ஆம்பளையா என்பார்களே என்று கொல்லைப்புறம் போய் அழுபவன் அவள் கணவன். சிகிச்சை முடிந்து பெண்பிள்ளை நன்றாக வளர்ந்த பிறகும், நெஞ்சுத் தழும்பை யாரிடமும் சொல்லாதே, கல்யாணம் நின்றுவிடும் என்று அவளையும் மறைக்கப் பழக்குகிறோம். உயிரைக் காத்த தழும்பு அவமானச் சின்னமாகிவிடுகிறது.

வழி இல்லாத காலமல்ல இது. நீலம் பாரித்த குழந்தைகளுக்கு 1944இல் பால்டிமோரில் தொடங்கிய அறுவை சிகிச்சை இன்று தமிழ்நாட்டிலேயே நடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் 2012இல் வந்தது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கே வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. நம் பேச்சுதான் மாறவில்லை. அந்தத் தாயிடம் கேட்க நல்ல கேள்விகள் உண்டு. ஆபரேஷன் என்றைக்கு? மூத்த பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? பீடி சுற்றாத நாட்களின் கூலிக்கு என்ன செய்வாய்?

கடைசியாக ஒன்று. தாய் வயிற்றில் இருக்கையில் நம் எல்லோருடைய இதயத்திலும், மேலறைகளுக்கு நடுவே, ஒரு திறப்பு இருந்தது. அது இருந்ததால்தான் அங்கே உயிரோடு இருந்தோம். பெரியவர்களான பிறகும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது முழுதாக ஒட்டுவதில்லை. பெரும்பாலோருக்கு அது தெரிவதுகூட இல்லை. விசாரிக்க வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நால்வரில் ஒருவருக்கும் அது இருக்கலாம். அவரைப் பெற்றவளிடம் யாரும் கிரகணத்தைப் பற்றிக் கேட்டதில்லை.