மன்னருக்கு மேஜை! பையனுக்கு அட்டைப் பெட்டி!

மேஜை மீது ஒரு யுத்தம். இரண்டு பக்கமும் சேனை நிற்கிறது. குதிரைப்படை பாய்கிறது. பீரங்கி முழங்குகிறது. ஆனால் செத்தவன் ஒருவன்கூட இல்லை!

எல்லாம் பொம்மைகள். ஒவ்வொன்றும் ஒரு அங்குலத்துக்குச் சற்றே கூடுதல் உயரம். இஞ்சு டேப்பால் தூரத்தை அளப்பார்கள். பகடை உருட்டுவார்கள். யார் ஜெயித்தார் என்று முடிவு கட்டுவார்கள். "வார்கேம்" என்று பெயர். இங்கிலாந்தில் இதில் பைத்தியமாக இருக்கிறவர்கள் பல்லாயிரம் பேர். தலை நரைத்தவர்களும் உண்டு.

சேனை மட்டும் இருந்தால் போதாது. நிலமும் வேண்டும். ஏறிப் பார்க்கக் குன்று, பதுங்கக் காடு, மறைந்து சுட இடிந்த சுவர். இவை இல்லாத மொட்டை மேஜையில், முதலில் சுடுகிறவன் ஜெயித்துவிட்டுப் போவான். ஆட்டம் ஏது?

வம்பு இங்கேதான் ஆரம்பம். பிளாஸ்டிக் கோட்டை, பிளாஸ்டிக் இடிபாடு என்று கடையில் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றும். பொம்மை வாங்கவே கைக்காசைக் கரைத்த பையன், நிலத்துக்கும் கடைக்கே ஓடணுமாம். முடியாதவன் கூச்சப்பட்டு ஒதுங்கிக்கொள்கிறான். காசு இருந்தாத்தான் சண்டையா?

இல்லவே இல்லை. இந்த விளையாட்டின் சரித்திரமே அதற்குச் சாட்சி.

மணலில் பிறந்தது

1811-ம் ஆண்டு. இன்றைய ஜெர்மனியில் அன்று பிரஷ்ய ராஜ்யம். ரைஸ்விட்ஸ் என்பவர் ஈர மணலில் மேடு பள்ளம் அமைத்து, இளவரசர்களுக்குப் போர் விளையாட்டு காட்டினார். அவர்களுக்கு ஒரே குஷி. அப்பாவிடம் போய்ச் சொன்னார்கள். மன்னர் பிரெடரிக் வில்லியம் தானும் பார்க்கவேண்டும் என்றார்.

ரைஸ்விட்சுக்கு உதறல் எடுத்தது. மன்னர் முன்னால் மணலையா கொட்டுவது? இழுப்பறைகள் வைத்த ஒரு பெரிய மேஜையைச் செய்தார். ஆறு, சாலை, மலை எல்லாம் தனித்தனிச் சில்லுகள். செய்து முடிக்க 1812 ஆகிவிட்டது. மேஜை இன்றும் பெர்லின் சார்லட்டன்பர்க் அரண்மனையில் பத்திரமாக இருக்கிறது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1824-ல் ராணுவம் ஏற்றுக்கொண்டது அந்த ஆடம்பர மேஜையை அல்ல. ரைஸ்விட்சின் மகன் காகித வரைபடத்தின் மேல் ஆடும்படி மாற்றிய ஆட்டத்தைத்தான்!

அடுத்தவர் எச்.ஜி.வெல்ஸ். செவ்வாய்க் கிரகத்துக்காரர்கள் லண்டன் மேல் படையெடுப்பதாகக் கதை எழுதிய அதே ஆசாமி. பொம்மைச் சண்டைக்கு விதிமுறை எழுதி 1913-ல் புத்தகம் போட்டார். அவருடைய முதல் போர்க்களத்தில் மலையாக நின்றது எது தெரியுமா? தடித் தடியான கலைக்களஞ்சியப் புத்தகங்கள்! பிறகு மரக்கட்டைகள் வந்தன. தோட்டத்துச் சுள்ளிகள் மரமாயின. அட்டை வீட்டில் ஜன்னலையும் மழைத்தண்ணீர்க் குழாயையும் வர்ணத்தால் வரைந்தார்.

இன்று இந்தத் தொழிலில் கொடிகட்டிப் பறப்பது கேம்ஸ் ஒர்க்ஷாப் கம்பெனி. 1975-ல் லண்டனில் ஆரம்பித்தது. 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் 100 கம்பெனிப் பட்டியலில் ஏறிவிட்டது. இதே கம்பெனியின் பத்திரிகைதான், 1980-களின் கடைசியில், காலியான வாசனைக் குச்சி டப்பாவை டாங்கியாக மாற்றும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தது! 1996-ல் நிலம் செய்வதற்கென்றே தனிப் புத்தகமும் போட்டார்கள். பிளாஸ்டிக் பெட்டி விற்பது அவர்கள் வியாபாரம். அதைக் குறை சொல்ல முடியாது. நேரமில்லாதவன் வாங்கட்டும். ஆனால் வாங்கினால்தான் மரியாதை என்கிற நினைப்பு இருக்கிறதே, அதுதான் தப்பு.

குப்பையில் கோட்டை

டி.வி. பெட்டிக்குள் வரும் தெர்மாகோலைச் சரிவாக வெட்டினால் குன்று. பசைத் தண்ணீரில் நனைத்த செய்தித்தாள் துண்டுகளை அதன் மேல் ஒட்டணும். காய்ந்ததும் மறுபடி பசை தடவி மணல் தூவணும். முதலில் கரும்பழுப்பு வர்ணம். பிறகு தூரிகையை அநேகமாகக் காயவிட்டு, வெளிர் நிறத்தை மேட்டில் மட்டும் லேசாக இழுக்கணும். கல்லும் மண்ணும் தானாக எழுந்து நிற்கும்.

அட்டைப் பெட்டி இடிந்த வீடாகும். காபி கலக்கும் குச்சி கதவாகும். பிய்த்த ஸ்பாஞ்சுக்குப் பச்சை ஏற்றினால் இலை. குடித்த தேயிலைச் சக்கையைக் காயவைத்துத் தூவினால் காட்டுத்தரை. நவராத்திரிக் கொலுவில் பூங்கா கட்டி, கண்ணாடித் துண்டைக் குளமாக்கியவர்களுக்கு இதெல்லாம் புதுசு இல்லை.

அட்டையில் ஒரு பக்கம் மட்டும் வர்ணம் அடித்தால் அப்பளம் மாதிரி வளைந்துவிடும். இரண்டு பக்கமும் அடிக்கணும்.

உஷார்!

தெர்மாகோல் மேல் நேராக ஸ்பிரே பெயிண்ட் அடித்தால் போச்சு! அதிலுள்ள ரசாயனம் தெர்மாகோலைத் தின்றுவிடும். ஒரு வாரம் உழைத்த குன்று ஒரு நிமிஷத்தில் பொத்தல். முதலில் தூரிகையால் பசையும் வர்ணமும் கலந்து, ஓர் இடம் விடாமல் பூசிவிடணும்.

சூடான கம்பியால் அறுப்பவர்களும் உண்டு. வெட்டு வழவழவென்று வரும். வரும் புகை நெஞ்சுக்கு ஆகாது. கதவைச் சாத்திக்கொண்டு அந்த வேலை செய்யவே கூடாது. முற்றமோ, திறந்த ஜன்னலோ வேண்டும். குழந்தைகளைப் பக்கத்தில் விடக்கூடாது.

கத்திக்கு மட்டும் தயங்காமல் காசு கொடுக்கணும். மழுங்கின பிளேடு தெர்மாகோலைப் பிய்க்கும். பிய்த்த வேகத்தில் வழுக்கி விரலுக்கு வரும். பொம்மைச் சண்டையில் நிஜ ரத்தம் வருவது அங்கே ஒன்றில்தான்.